நம்மைவிட நீண்ட நாள் வாழ்கிறார்களாம்

மோதல் விளையாட்டுகள் ஆட்டக்காரர்களின் மூளையைக் கெடுக்கின்றன என்று பேச்செடுத்தால் போதும், யாராவது ஒருவர் ஒரு புள்ளிவிவரத்தைத் தூக்கி முன்னால் வைத்துவிடுவார். அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.லில் 1959 முதல் 1988 வரை ஆடிய 3,439 பேரை அமெரிக்க அரசின் தொழில்சார் உடல்நல ஆய்வு நிறுவனமான நயோஷ் பல்லாண்டுகள் பின்தொடர்ந்தது. 2007 முடிய அவர்களில் 334 பேர் இறந்திருந்தார்கள். சாதாரண அமெரிக்க ஆண்களின் இறப்பு விகிதத்தை வைத்துப் பார்த்தால் 625 பேர் இறந்திருக்க வேண்டும். அதில் பாதியைச் சற்றே தாண்டிய எண்ணிக்கைதான் இது. தற்கொலையிலும் அப்படியே: எதிர்பார்க்கப்பட்டதில் பாதிகூட இல்லை என்று 2016இல் அதே நிறுவனத்தின் இன்னொரு கட்டுரை சொன்னது. ஸ்காட்லாந்தின் கால்பந்து வீரர்களை ஆராய்ந்தவர்களும், மனநலக் கோளாறுக்காக மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் அவர்களிடையே குறைவு என்றுதான் கண்டார்கள்.

பிறகென்ன? மூளைச் சிதைவு, மறதிநோய் என்பதெல்லாம் பத்திரிகைகளும் ஒரு ஹாலிவுட் படமும் சேர்ந்து கிளப்பிய பீதி. நிஜத்தில் இந்த வீரர்கள் நம்மைவிட நீண்ட நாள், நம்மைவிட நிம்மதியாக வாழ்கிறார்கள். வர்ணனையாளர்கள், அணி நிர்வாகங்கள், சில விளையாட்டு மருத்துவர்கள், ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை விட மனமில்லாத ரசிகர்கள் என்று பலரும் வசதியாக வந்து உட்கார்ந்திருக்கும் இடம் இதுதான்.

அந்த எண்கள் பொய்யில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மறைக்கவோ மழுப்பவோ தேவையும் இல்லை. அவற்றிலிருந்து இழுத்துவரும் முடிவைத்தான் மறுக்கிறேன்.

போலீஸ் தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள். உயரம் அளந்து, மார்பு அளந்து, 1,500 மீட்டர் ஓடவிட்டு, கயிறு ஏறவிட்டு, மருத்துவப் பரிசோதனையும் செய்து எடுத்த ஆட்களை இருபது வருடம் கழித்து ஊர் மக்கள் மொத்தத்தோடும் சேர்த்து நிறுத்தி, “பாருங்கள், காவலர்களிடையே சாவு குறைவு, ஆகவே காவல் வேலை ஆயுளைக் கூட்டுகிறது” என்று ஒருவர் சொன்னால் சிரிப்போம். ஊர் மக்களில் பிறவியிலேயே இதயக் கோளாறு உள்ளவர் இருக்கிறார், இருபது வயதில் சர்க்கரை வந்தவர் இருக்கிறார், குடித்துக் கெட்டவர் இருக்கிறார், படுத்த படுக்கையானவர் இருக்கிறார். தொழில்நோய் ஆய்வில் இது பால பாடம். ஆரோக்கியமானவர்களை மட்டும் பொறுக்கி எடுக்கும் எந்தத் தொழிலும், எவ்வளவு ஆபத்தானதாக இருந்தாலும், பொதுமக்களோடு ஒப்பிடும்போது நல்ல தொழிலாகவே தெரியும். அந்த ஆய்வைச் செய்த நயோஷ் ஆய்வாளர்களுக்கும் இது தெரியும். அவர்களுடைய எண்ணை எடுத்து மேடையில் பேசுகிறவர்களுக்குத்தான் தெரியவில்லை, அல்லது தெரியாததுபோல் இருக்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. அந்த 3,439 பேருமே குறைந்தது ஐந்து பருவங்கள் ஆடி, ஓய்வூதியத் தகுதி பெற்றவர்கள். இரண்டாம் பருவத்தில் கழுத்து போய் வெளியேறியவன், மூன்றாம் பருவத்தில் தலைசுற்றல் நிற்காமல் வீட்டுக்குப் போனவன், இவர்கள் யாரும் கணக்கில் இல்லை. பொறுக்கி எடுத்தவர்களுக்குள்ளும் தாக்குப்பிடித்தவர்களை மட்டும் எண்ணியிருக்கிறோம்.

அப்படியானால் யாரோடு ஒப்பிடுவது? அதே போலத் தேர்வு செய்யப்பட்டு, அதே காலத்தில் அதே நாட்டில் உடம்பை வைத்துப் பிழைத்து, தலையால் மோதாமல் இருந்தவர்களோடுதான். 2019இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் அதைச் செய்தார்கள். ஏறக்குறைய அதே என்.எஃப்.எல். கூட்டத்தைத் தொழில்முறை பேஸ்பால் வீரர்கள் 2,708 பேரோடு ஒப்பிட்டார்கள். அவர்களும் குறைந்தது ஐந்து பருவம் ஆடியவர்கள். பாதியாகத் தெரிந்த சாவு இப்போது பேஸ்பால் வீரர்களைவிடச் சுமார் 26 விழுக்காடு கூடுதலாகிவிட்டது. இதய, ரத்தக்குழாய் நோயால் வரும் சாவு இரண்டரை மடங்கை நெருங்கியது. மறதிநோய், பார்க்கின்சன் போன்ற நரம்புச் சிதைவு நோய்களால் வரும் சாவு சுமார் மூன்று மடங்கு. பேஸ்பால்காரர்கள் ஒன்றும் யோகிகள் அல்லர். ஆட்டத்தின் நடுவிலேயே புகையிலை மெல்லுவதில் பேர்போனவர்கள். அவர்களைவிட இவர்கள் முன்னால் போகிறார்கள்.

இதயச் சாவுக்குத் தலையடி காரணமில்லை, 130 கிலோ உடம்பு காரணமாயிற்றே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அந்த 130 கிலோவும் தொழில் கேட்டதால் ஏற்றியதுதான். எதிரே வருகிறவனைத் தடுத்து நிறுத்துவதற்கென்றே சுமந்த எடை. இருந்தாலும் இதயத்தை இங்கே விட்டுவிடுகிறேன். என் பேச்சு மூளையைப் பற்றியது.

மூளைக்கு ஸ்காட்லாந்துக்குப் போக வேண்டும். கிளாஸ்கோவின் நரம்பியல் நோய்க்குறியியல் நிபுணர் வில்லி ஸ்டூவர்ட்டும் அவர் குழுவும், 1900க்கும் 1976க்கும் இடையில் பிறந்த 7,676 முன்னாள் தொழில்முறைக் கால்பந்து வீரர்களின் பதிவுகளை எடுத்தார்கள். வயது, பால், வாழும் பகுதியின் வறுமை நிலை ஆகியவற்றில் அவர்களோடு பொருந்தும் 23,028 பொதுமக்களைப் பக்கத்தில் நிறுத்தினார்கள். 2019இல் முடிவு வந்தது. எழுபது வயதுவரை வீரர்களுக்குச் சாவு குறைவு. எழுபதுக்குப் பிறகு கூடுதல். மாரடைப்பும் நுரையீரல் புற்றும் குறைவு. ஆனால் நரம்புச் சிதைவு நோயை முதன்மைக் காரணமாகக் கொண்ட சாவு பொதுமக்களில் 0.5 விழுக்காடு, வீரர்களில் 1.7 விழுக்காடு. கணக்குகளைச் சரிசெய்தபின் மூன்றரை மடங்கு. பிரித்துப் பார்த்தால் அல்சைமர் சுமார் ஐந்து மடங்கு, இயக்க நரம்பணு நோய் நான்கு மடங்கு, பார்க்கின்சன் இரண்டு மடங்கு.

உடனே வரும் பதில்: மாரடைப்பில் சாகாமல் தப்பினார்கள், அதனால் மறதிநோய் வரும் வயதுவரை இருந்தார்கள், அவ்வளவுதானே? அந்த ஆய்வாளர்கள் இதை யோசிக்காமல் இல்லை. இதயநோயாலும் புற்றாலும் முன்பே இறந்திருக்கக்கூடிய வாய்ப்பைக் கழித்துத்தான் அந்த மூன்றரை மடங்கு வந்தது.

சரி, வேறு ஏதாவது காரணமாக இருக்கக்கூடாதா? உணவு, குடி, படிப்பு, வலி மாத்திரை, ஓய்வுக்குப் பின் வரும் வெறுமை? இங்கேதான் கோல்கீப்பர் வருகிறார். இந்த விவகாரம் முழுவதிலும் எனக்குத் தெரிந்த மிக வலுவான சாட்சி இவர்தான். இவரைப் பற்றி எதிர்த்தரப்பு பேசி நான் கேட்டதில்லை.

கோல்கீப்பரும் அதே கிளப்பில்தான் இருந்தார். அதே பேருந்தில் போய், அதே விடுதியில் தங்கி, அதே உணவு தின்று, ஆட்டம் முடிந்து அதே மதுக்கடைக்குத்தான் போனார். அதே வயதில் பள்ளியை விட்டார், அதேபோல் ஒருநாள் வேலை போனது. மாரடைப்புக் குறைவதற்கான அதே பயிற்சியையும் செய்தார். ஒரே ஒரு வேறுபாடு: பந்து வந்தால் அவர் கையால் பிடிப்பார், மற்றவர்கள் தலையால் முட்டுவார்கள். 2021இல் அதே குழு ஆடும் இடத்தை வைத்துப் பிரித்துப் பார்த்தபோது, கோல்கீப்பர்களுக்கும் பொதுமக்களுக்கும் இடையில் புள்ளியியல்படி பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. பந்தை அதிகமாகத் தலையால் முட்டித் திருப்ப வேண்டிய டிஃபெண்டர்களுக்கு அபாயம் சுமார் ஐந்து மடங்கு. எத்தனை வருடம் ஆடினார்கள் என்று பார்த்தால், குறைந்த காலம் ஆடியவர்களுக்கு இரண்டு மடங்குபோல, பதினைந்து வருடத்துக்கு மேல் ஆடியவர்களுக்கு ஐந்து மடங்கு. 2023இல் சுவீடனின் முதல்நிலைப் பிரிவில் ஆடிய 6,007 பேரை எடுத்தவர்களும் இதே திசையில்தான் வந்து சேர்ந்தார்கள்: களத்தில் ஆடியவர்களுக்கு ஒன்றரை மடங்கு, கோல்கீப்பர்களுக்குக் கூடுதல் ஏதும் தென்படவில்லை. சுவீடனில் அளவு சிறியது, ஸ்காட்லாந்தில் பெரியது. ஏன் என்று விவாதிக்கலாம். திசையைப் பற்றி விவாதமில்லை.

தோல் பந்துக் கதை ஒன்றும் உண்டு. அந்தக் காலத்துப் பந்து மழையில் ஊறிக் கல்லாகக் கனக்கும், இன்றைய பந்து லேசு, ஆகவே ஆபத்து போய்விட்டது என்பார்கள். காய்ந்த பந்தின் எடை அன்றும் இன்றும் ஏறக்குறைய ஒன்றுதான், 410 முதல் 450 கிராம். இன்றைய பந்து ஊறுவதில்லை, ஆனால் வேகமாக வருகிறது. ஸ்காட்லாந்து ஆய்வு பிறந்த ஆண்டை வைத்தும் பிரித்துப் பார்த்தது. பிந்திய தலைமுறையில் அபாயம் குறைந்ததற்கான அடையாளம் கிடைக்கவில்லை.

ஜெஃப் ஆஸ்டிலைப் பற்றிச் சொல்லாமல் இதைக் கடக்க முடியாது. இங்கிலாந்தின் வெஸ்ட் பிராம்விச் ஆல்பியன் அணியின் முன்கள வீரர், 1968 எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தில் எவர்ட்டனுக்கு எதிராக வெற்றி கோலை அடித்தவர், தலையால் கோல் போடுவதில் மன்னன். ரசிகர்கள் அவரை அழைத்ததும் அப்படித்தான். 2002 ஜனவரியில் 59 வயதில் இறந்தபோது, தான் கால்பந்து ஆடியவன் என்பதே அவர் நினைவில் இல்லை. மூளையைப் பார்த்த மருத்துவர் அது குத்துச்சண்டைக்காரரின் மூளைபோல் இருந்ததாகச் சொன்னார். மரண விசாரணை அதிகாரி அந்த ஆண்டே தீர்ப்பெழுதினார்: தொழில்நோயால் நேர்ந்த மரணம். நிலக்கரிச் சுரங்கத்தில் நுரையீரல் கரியாகி இறந்தவருக்கு எழுதும் அதே வார்த்தை. 2014இல் ஸ்டூவர்ட் அந்த மூளையைத் திரும்ப ஆராய்ந்து, அல்சைமர் என்று நினைத்தது உண்மையில் சி.டி.இ. என்று உறுதி செய்தார்.

சி.டி.இ. என்பது திரும்பத் திரும்பத் தலையில் அடி விழுவதால் வரும் மூளைச் சிதைவு. மண்டையோட்டுக்குள் மூளை திரவத்தில் மிதக்கிறது. தலை சட்டென்று திரும்பி நிற்கும்போது உள்ளே அது முறுக்கிக்கொண்டு இழுபடுகிறது, நரம்பிழைகள் பிய்கின்றன. டௌ என்னும் புரதம் மூளை மடிப்புகளின் ஆழத்தில், சிறிய ரத்தக்குழாய்களைச் சுற்றித் திட்டுத் திட்டாகச் சேர்கிறது. வருடங்கள் கழித்து நினைவு, கோபம், தீர்மானிக்கும் திறன் என்று ஒவ்வொன்றாகக் கையை விட்டுப் போகும். உயிரோடு இருக்கும்போது உறுதிப்படுத்த வழியில்லை. இறந்தபின் மூளையை அறுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

இந்தக் கடைசி விவரத்தில்தான் எதிர்த்தரப்பின் இரண்டாவது வாதம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 2017இல் பாஸ்டன் பல்கலைக்கழகம் தன்னிடம் வந்த முன்னாள் என்.எஃப்.எல். வீரர்களின் 111 மூளைகளில் 110இல் சி.டி.இ. இருந்ததாக அறிவித்தது. அறிகுறி கண்டு பயந்த குடும்பங்கள்தான் மூளையைக் கொடுக்கின்றன, ஆகவே இது பாரபட்சமான மாதிரி என்கிறார்கள். முழுக்க உண்மை. கட்டுரை எழுதியவர்களே அதைச் சொல்லியிருக்கிறார்கள். 99 விழுக்காடு வீரர்களுக்கு இந்த நோய் என்று தலைப்புப் போட்ட பத்திரிகைகள் செய்தது தவறு. ஆனால் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த மூளை வங்கி வேலை செய்த ஆண்டுகளில் இறந்த முன்னாள் என்.எஃப்.எல். வீரர்கள் சுமார் 1,300 பேர். மூளையைக் கொடுக்காத அத்தனை பேருக்கும் ஒரு துளி நோய்கூட இல்லை என்றே வைத்துக்கொண்டாலும், நூற்றுக்கு எட்டு ஒன்பது பேர் தேறுகிறார்கள். எந்தத் தொழிற்சாலையிலாவது தொழிலாளரில் நூற்றுக்கு எட்டுப் பேருக்கு மூளை சிதைந்தால், மாதிரி பாரபட்சமானது என்று பேசிக்கொண்டிருப்போமா? இன்னும் வேண்டுமென்றால் மூளை வங்கியையே மொத்தமாகக் கழித்துவிடலாம். கோல்கீப்பர் அப்போதும் நிற்கிறார். அவர் இறப்புப் பதிவேட்டிலிருந்து வந்தவர், யாரும் நன்கொடையாகக் கொடுத்தவர் அல்லர்.

இப்போது மனநலத்துக்கு வருகிறேன். இங்கே எதிர்த்தரப்புக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட வேண்டும். தற்கொலைக் கணக்கு குறைவு என்பது நிஜம். ஒரு வீரர் உயிரை மாய்த்துக்கொண்டதும் ‘மூளைச் சேதம்தான்’ என்று மறுநாளே எழுதிவிடும் பழக்கம் எனக்கும் உடன்பாடில்லை. அது ஆபத்தும்கூட. ஹார்வர்டு குழு ஒன்று உயிரோடிருக்கும் முன்னாள் என்.எஃப்.எல். வீரர்கள் ஏறக்குறைய 2,000 பேரிடம் கேட்டு 2024இல் வெளியிட்டதில், மூன்றில் ஒருவர் தனக்கு சி.டி.இ. இருப்பதாகவே நம்பிக்கொண்டிருந்தார். அப்படி நம்பியவர்களில் நான்கில் ஒருவருக்குத் தற்கொலை எண்ணம் இருந்தது. நம்பாதவர்களில் இருபதில் ஒருவருக்குத்தான். அவர்களில் பலருக்கு இருப்பது மனச்சோர்வு, தூக்கத்தில் மூச்சுத் தடை, தீராத வலி. எல்லாம் மருத்துவம் உள்ள நோய்கள். ‘உன் மூளை போய்விட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை’ என்று சொல்லி அவர்களைப் பயமுறுத்துவது இன்னொரு கொடுமை.

இவ்வளவையும் ஒப்புக்கொண்டுவிட்டு மைக் வெப்ஸ்டரைப் பற்றிச் சொல்கிறேன். பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியின் சென்டர். ஒவ்வொரு ஆட்ட நகர்விலும் குனிந்து பந்தைக் காலிடை வழியாகப் பின்னால் கொடுத்துவிட்டு, அடுத்த நொடியே எதிரே நிற்கும் மலைபோன்ற ஆளைத் தலையால் முட்டித் தடுக்க வேண்டிய இடம் அது. 17 பருவங்கள், நான்கு சூப்பர் பௌல் வெற்றிகள். ஓய்வுக்குப் பிறகு பணம் எங்கே போனது என்றே தெரியாமல் போனது. தன் சரக்கு வண்டிக்குள்ளும் ரயில் நிலையங்களிலும் படுத்துக்கிடந்தார். விழுந்த பற்களைப் பசை வைத்து ஒட்டிக்கொண்டார். தூக்கம் வராத இரவுகளில் மின்னதிர்ச்சிக் கருவியால் தன்னைத்தானே சுட்டுக்கொண்டு மயங்கினார். பக்கம் பக்கமாக எழுதிய கடிதங்களில் வரிக்கு வரி தொடர்பு அறுந்திருந்தது. 2002 செப்டம்பரில், 50 வயதில், இறந்தார்.

எதனால்? மாரடைப்பால். சான்றிதழில் அதுதான். 1974இல் ஆடத் தொடங்கி 2002இல் இறந்த அவர், நயோஷ் ஆய்வின் வரையறைப்படி அந்த 334க்குள் வருகிறவர்; இதயநோய்ப் பத்தியில் விழுகிறவர். நைஜீரியாவில் பிறந்த பென்னட் ஒமாலு என்னும் மருத்துவர் பிணப் பரிசோதனையில் அந்த மூளையைத் தனியே எடுத்து வைத்துப் பார்த்திராவிட்டால், கடைசிப் பத்தாண்டில் அந்த மனிதன் பட்ட பாட்டின் ஒரு சொல்கூட எந்த இறப்புப் பதிவிலும் ஏறியிருக்காது. மருத்துவமனையில் சேர்ந்தோர் கணக்கும் இதே போன்றதுதான். வலியைக் காட்டினால் அணியில் இடம் போய்விடும் என்று பதினைந்து வயதிலிருந்தே பழக்கப்பட்டவன் மனநல வார்டுக்குப் போவதில்லை. கார் நிறுத்துமிடத்தில் படுத்துக்கொள்கிறான். ‘நிம்மதியாக வாழ்கிறார்கள்’ என்று அந்தக் கணக்கைக் காட்டிச் சொல்வதற்குத் துணிச்சல் வேண்டும்.

ஐஸ் ஹாக்கியில் எதிரணியோடு சண்டை போடுவதற்கென்றே வைத்திருக்கும் ‘என்ஃபோர்ஸர்’கள் உண்டு. அவர்களில் 331 பேரை, அதே காலத்தில் அதே உடலளவில் ஆடிய சக வீரர்களோடு 2023இல் ஒப்பிட்டார்கள். இறந்தவர்களின் எண்ணிக்கையில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் சண்டைக்காரர்கள் சராசரியாகப் பத்தாண்டு முன்பே போயிருந்தார்கள், அதுவும் தற்கொலை, போதை மருந்து மிகை, வாகன விபத்து என்று. இறந்தவர்கள் சிலரே, இதை வைத்துப் பெரிய கோட்டை கட்டமுடியாது. இருந்தாலும் மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்தவருக்கு அங்கே ஒன்றுமே தெரிந்திருக்காது.

அடுத்த வாதம் விருப்பம் பற்றியது. ஆபத்து தெரிந்தே ஆடினார்கள், கோடிகளில் வாங்கினார்கள், இப்போது அழுவானேன்? தெரிந்தே ஆடினார்களா? குத்துச்சண்டைக்காரர்களின் தள்ளாட்டத்தையும் குழறலையும் பற்றி ஹாரிசன் மார்ட்லண்ட் மருத்துவ இதழில் எழுதியது 1928இல். என்.எஃப்.எல். 1994இல் தலையடி பற்றி ஆராய ஒரு குழு அமைத்தபோது அதற்குத் தலைவராகப் போட்டது ஒரு மூட்டுவாத மருத்துவரை. அந்தக் குழு, அடிபட்ட வீரனை அன்றைக்கே திரும்ப ஆடவிட்டாலும் பெரிய ஆபத்தில்லை என்ற தொனியில் கட்டுரைகளை வெளியிட்டது. 2005இல் ஒமாலு வெப்ஸ்டரின் மூளையைப் பற்றி எழுதியபோது, கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும் என்று அந்தக் குழுவினர் மூவர் இதழுக்குக் கடிதம் போட்டார்கள்.

இதையெல்லாம்விட ஒன்று இருக்கிறது. லீக்கும் வீரர் சங்கமும் சேர்ந்து நடத்தும் ஓய்வூதிய வாரியம், கால்பந்தில் பட்ட தலையடியால் வெப்ஸ்டர் முற்றிலும் செயலிழந்துவிட்டார் என்று 1999இலேயே ஏற்றுக்கொண்டு அவருக்கு உதவித்தொகை அனுமதித்திருந்தது. அதாவது ஒரு மேசையில் காசோலையில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, இன்னொரு மேசையில் அப்படி ஒரு நோயே இல்லை என்று கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார்கள். லீக்கின் மூத்த அதிகாரி ஒருவர் இந்த ஆட்டத்துக்கும் சி.டி.இ.க்கும் தொடர்பு உண்டென்று அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் வாய்விட்டு ஒப்புக்கொண்டது 2016 மார்ச்சில். முதலாளிக்குத் தெரிந்து தொழிலாளிக்குச் சொல்லாத ஆபத்துக்குச் சம்மதம் என்று பெயர் கிடையாது.

பணத்தைப் பற்றியும் பேசிவிடலாம். வழக்குத் தொடர்ந்த ஆயிரக்கணக்கான முன்னாள் வீரர்களோடு லீக் செய்துகொண்ட உடன்பாட்டில் இழப்பீட்டுக்கு அறிவுத்திறன் வீழ்ச்சியை நிரூபிக்க வேண்டும். அந்தச் சோதனையில் கறுப்பின வீரர்களுக்கு ஆரம்பத்திலேயே குறைந்த அறிவுத்திறன் என்று வைத்துக் கணக்கிடும் முறை புகுந்திருந்தது. தொடக்கமே தாழ்வென்று வைத்தால் வீழ்ச்சி சிறிதாகத் தெரியும், பணம் கிடைக்காது. லீக்கில் பெரும்பான்மை கறுப்பினத்தவர்தான். 2020இல் இரண்டு முன்னாள் வீரர்கள் வழக்குப் போட்ட பிறகுதான் அது அம்பலமாகி, 2022இல் முறை மாற்றப்பட்டது.

கோடிகள் என்கிறார்களே, ஸ்டீவ் தாம்சன் வாங்கியது என்ன? 2003இல் ரக்பி உலகக் கோப்பையை வென்ற இங்கிலாந்து அணியில் இருந்தவர். நாற்பத்திரண்டு வயதில் மறதிநோய் என்று கண்டறியப்பட்டது. கோப்பையை வென்ற நாள் அவர் நினைவில் இல்லை. காணொளியில் தன்னைத்தானே பார்த்துத் தெரிந்துகொள்கிறார். திரும்ப வாய்ப்புக் கிடைத்தால் ஆடமாட்டேன் என்று அவரே சொல்லிவிட்டார்.

இப்போதெல்லாம் விதிகள் மாறிவிட்டன, தலையில் அடிபட்டால் வெளியே அனுப்பிவிடுகிறார்கள் என்பது கடைசிப் புகலிடம். 2022 செப்டம்பர் 25 அன்று என்.எஃப்.எல்.லின் மியாமி டால்ஃபின்ஸ் அணியின் துவா டகோவாய்லோவா தரையில் தலை மோதி எழுந்து, தலையை உதறி, நாலடி நடப்பதற்குள் கால் மடங்கித் தடுமாறினார். முதுகு வலி என்றார்கள். அதே ஆட்டத்தில் திரும்ப வந்து ஆடினார். நான்கு நாள் கழித்து அடுத்த ஆட்டத்தில் விழுந்தபோது கைவிரல்கள் முகத்துக்கு முன்னால் கோணி விறைத்து நின்றன. கோடிக்கணக்கானோர் பார்த்தார்கள். விசாரணை முடிவு என்ன தெரியுமா? நடைமுறை விதிகள் மீறப்படவில்லை. பிறகு தடுமாற்றத்தையும் விதியில் சேர்த்தார்கள்.

அந்த விதிகள் நன்றாகவே வேலை செய்தாலும் விஷயம் தீராது. அறிகுறி வெளியே தெரியும் அடிகளைத்தான் அவை பிடிக்கும். இறந்த 631 அமெரிக்கக் கால்பந்து ஆட்டக்காரர்களின் மூளைகளை வைத்து 2023இல் வந்த ஆய்வில், கண்டறியப்பட்ட மூளை அதிர்ச்சிகளின் எண்ணிக்கைக்கும் சி.டி.இ.க்கும் பொருத்தமில்லை, வாழ்நாள் முழுதும் தலை வாங்கிய மொத்த விசைக்கும் அதற்கும்தான் பொருத்தம். யாரும் விசில் ஊதாத, வீரனே கவனிக்காத ஆயிரக்கணக்கான சின்ன அடிகள். தலைக்கவசம் மண்டை உடைவதைத் தடுக்கும். உள்ளே மூளை முறுக்குவதைத் தடுக்காது.

ஆக, எதிர்த்தரப்பு சொல்லும் நன்மையும் இருக்கிறது, நான் சொல்லும் கேடும் இருக்கிறது. ஆனால் இரண்டும் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. ஓடுவதால், உடம்பைப் பேணுவதால், புகைக்காமல் இருப்பதால் இதயம் பிழைக்கிறது. தலையை முட்டுவதால் மூளை போகிறது. ‘சராசரி ஆயுள்’ என்ற ஒற்றை எண் இரண்டையும் குழைத்துக் கொடுத்து, முதலாவது வேண்டுமென்றால் இரண்டாவதையும் விழுங்கு என்கிறது. கோல்கீப்பர் முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டு போனவர்.

விளையாட்டை ஒழிக்கச் சொல்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். ரக்பியையும் அமெரிக்கக் கால்பந்தையும் என்ன செய்வது என்று ஆடுகிறவர்கள் முடிவு செய்யட்டும்; அங்கே மோதல்தான் ஆட்டமே. நம் ஊரில் பிள்ளைகள் ஆடுவது கால்பந்து. அதில் தலையடி பெரும்பாலும் சேர்வது ஆட்டத்தில் அல்ல, பயிற்சியில். ஒருவர் பந்தை வீசிக்கொண்டே இருக்க, வரிசையில் நிற்கும் பிள்ளைகள் ஒவ்வொருவராக முட்டிக்கொண்டே இருக்கும் அந்த அரைமணி நேரத்தில். அமெரிக்காவின் சாக்கர் சங்கம் பத்து வயதுக்கு உட்பட்டோருக்கு 2015இலேயே தலையால் முட்டுவதை நிறுத்தியது. இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் வட அயர்லாந்தும் 2020 பிப்ரவரியில் தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகளின் பயிற்சியிலிருந்து அதை எடுத்தன. ஸ்காட்லாந்து 2022இல் தொழில்முறை வீரர்களுக்கே ஆட்டத்துக்கு முந்தின நாளும் மறுநாளும் அந்தப் பயிற்சி வேண்டாம் என்றது. இதற்கு ஒரு பைசா செலவில்லை. உங்கள் பிள்ளை பயிற்சிக்குப் போகும் மைதானத்தில் மாலை ஒருநாள் போய் நின்று, பன்னிரண்டு வயதுக்குக் குறைந்தவர்களைத் தலையால் முட்டச் சொல்கிறார்களா என்று பாருங்கள். சொன்னால், பயிற்சியாளரிடம் நேரே போய் நிறுத்தச் சொல்லுங்கள்.